மணலில் எழுதிய பிள்ளைகள்

முந்திரி என்றால் எனக்குப் பாயசம். என் தாத்தாவுக்கு 320இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளியில் விரல் தேய மணலில் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிய கணக்கு அது.

சென்னை மாகாணத்தில் இப்படி எத்தனை பள்ளிகள்? கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் குறித்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணை எட்டாத உயரம். பழம்பெருமை பேசுவோர் இதை மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் எழுதியது சுவையானது. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயர், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, அடுத்தவனுக்கு இரண்டு. கடைசியில் வந்தவன் பாடு? இதைவிடத் துல்லியமான வருகைப் பதிவேட்டை நான் கண்டதில்லை.

வாத்தியார் கண் அயர்ந்தால் சட்டாம்பிள்ளையின் ராஜ்யம். சின்னவர்களுக்குப் பெரியவன் சொல்லிக்கொடுப்பான். மணலில் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அனாதைப் பள்ளியில் இவ்வழிகளை நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தில் அதற்கு வழங்கிய பெயர் ‘மெட்ராஸ் முறை’.