கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?

2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரிமியாவைச் சேர்ந்த மென்பொருளாளர்கள் பலரால் கிட்ஹப் தளத்தில் தாங்கள் சேமித்திருந்த தனி நிரல்களைத் திறக்க முடியவில்லை. அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைச் சட்டத்தை அந்நிறுவனம் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்க அரசு அனுமதி தந்த பிறகு, 2021 ஜனவரியில்தான் ஈரானியர்களுக்கு முழுச் சேவை திரும்பியது.

எல்லோருடைய உழைப்பும் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருப்பதன் ஆபத்து இதுதான். இதற்கு மாற்றாக வந்ததே கூட்டமைப்பு முறை. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புவது போல, தனித்தனி சர்வர்கள் ஒரு பொது நெறிமுறையால் பேசிக்கொள்கின்றன. 2016-இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடான் சமூக வலைத்தளம் இப்படித்தான் இயங்குகிறது. நிரல்களைச் சேமிக்க, பெர்லினிலுள்ள லாப நோக்கமற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் இருக்கிறது. அது பயன்படுத்தும் ஃபோர்ஜெஜோ மென்பொருளை யாரும் சொந்த சர்வரில் இலவசமாக நிறுவலாம். ஆனால் ஃபோர்ஜெஜோ சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பணி இன்னும் முழுமையடையவில்லை.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு சர்வரும் அது இருக்கும் நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டது. நடத்துபவர் மூடிவிடவும் கூடும். மாஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்வோர் உடன் வருவர், பழைய பதிவுகள் வராது.

ஆகவே எந்தத் தளமானாலும், கணினி படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் நிரல்களின் நகலைத் தம்மிடமும் வைத்திருக்கட்டும். பிறரிடம் ஒப்படைத்த அமானிதத்துக்கும் ஒரு கணக்கு நம் கையில் இருப்பது நல்லது.