பழுதுக்குள்ளிருந்து வந்த வெளிச்சம்

1962 யூலை 9. பசிபிக்கில் ஜோன்ஸ்டன் தீவுக்கு மேலே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடிக்கவைத்தது. மறுநாள் டெல்ஸ்டார் செய்மதி ஏவப்பட்டது. குண்டு விட்டுச்சென்ற கதிர்வீச்சுக்குள் அது மாட்டிக்கொண்டது. சில மாதங்களில் திரான்சிற்றர்கள் பழுதாகி, 1963 பெப்ரவரியோடு டெல்ஸ்டார் ஓய்ந்தது.

கதிர்வீச்சு பட்டால் சிலிக்கனுக்கு என்ன நடக்கும்? இந்தக் கேள்வி அதற்கு முன்பே இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் வொட்கின்ஸும் ஜேம்ஸ் கோர்பெட்டும் சிலிக்கன் பளிங்கை வேகமான இலத்திரன்களால் தாக்கி, எந்த அணு இடம்மாறியது, அந்த வெற்றிடத்தில் யார் வந்து குந்தியது என்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: பழுதை விளங்கிக்கொள்வது.

சிலிக்கன் தானாக ஒளி தருவதில் படு மோசம். எல்.ஈ.டி. விளக்குகளை அதில் செய்யாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் பழுதான சிலிக்கனை நன்றாகக் குளிரவைத்து லேசர் அடித்தால், அகச்சிவப்பில் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றுக்கு வெறும் எழுத்துகளைத்தான் பெயராக வைத்தார்கள். ஜி என்பது இரண்டு காபன் அணுக்களோடு இடம்பிசகிய ஒரு சிலிக்கன், 1278 நனோமீற்றர். ரீ என்பது இரண்டு காபனும் ஓர் ஐதரசனும், 1326 நனோமீற்றர். 1989இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கோர்டன் டேவிஸ் இந்தக் கோடுகளைப் பற்றி ஒரு நீண்ட மீளாய்வு எழுதினார். இன்றைய குவாண்டம் கட்டுரைகள் பல அதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகர்கள் இப்படிப் பட்டியல் போட்டவர்கள்தான்.

வைரத்தில் தனியொரு குறைபாட்டின் ஒளியை 1997இலேயே பிடித்துவிட்டார்கள். சிலிக்கனில் அதற்கு 2020 வரை பொறுக்கவேண்டி வந்தது. இந்த அலைநீளத்துக்குச் சிலிக்கன் கண்ணாடி மாதிரி. ஒளி அதை ஊடுருவிப் போய்விடும். அதனால் வழமையான சிலிக்கன் உணரிகளுக்கு அது தெரியவே தெரியாது. ஒற்றைப் போட்டனையும் எண்ணக்கூடிய வேறு உணரிகள் வேண்டும். ஆனால் இதே அலைநீளம்தான் தொலைத்தொடர்பு ஒளியிழைக்கு நன்றாகப் பொருந்துவது. குவாண்டம் கணினிகளை இழையால் இணைக்க நினைப்பவர்கள் இந்தப் பழுதுகளைத் தேடி வந்தது அதனால்தான்.

2020இல் மொன்பெலியேயிலும் ட்ரெஸ்டனிலும் ஆய்வாளர்கள் ஒற்றை ஒளிப்புள்ளிகளைக் கண்டு, அவை ஜி என்டு அறிவித்தார்கள். பிறகு பார்த்தால், மொன்பெலியேயில் கண்டது ஜி இல்லை, ஜியைப் போன்ற இன்னொன்று! பட்டியல் இன்னும் முடியவில்லை.

2022இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தினர் ரீ குறைபாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஜியிடம் இல்லாத ஒன்று ரீயிடம் உண்டு: தகவலைத் தாங்கக்கூடிய ஓர் இலத்திரன் சுழற்சி. ஆனால் ஆள் ஆறுதல்காரன். ஒரு போட்டனை விட ஏறத்தாழ ஒரு மைக்ரோசெக்கன் எடுக்கும், அதுவும் திரவ ஹீலியக் குளிரில். அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் இப்போது ரீயைச் சுற்றி நுண்ணிய ஒளிக்குழிகளைச் செதுக்குகிறார்கள்.