பாட்டி படிக்கும் ஏடு

எழுத்தறியாத பாட்டி ஏடு படிப்பாளா? படிக்கமாட்டாள் என்று விடை கூறி, அவளை ஒதுக்கிவைத்துவிட்டே நம் நாட்டில் நூல்கள் அச்சாயின, பள்ளிகள் நடந்தன, நூலகங்கள் எழுந்தன. ஆனால், இரவில் குழந்தை கண்ணயரும் நேரத்தில் அதன் அருகே இருப்பவர் யார்? ஆசிரியரல்லர், நூலகரல்லர், அந்தப் பாட்டிதான்! அவள் கையில் கொடுக்கத்தக்க நூல் எது என்று கேட்க நமக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால், சவ்வாது மலைச் சிற்றூர்களில் இன்று நாம் தரவேண்டிய விடையும் விளங்கும்.

சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம். மலைக்குரியவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசும் மொழி தமிழே. சாமை விதைத்தும், தேனெடுத்தும், ஆடு மாடு மேய்த்தும் வாழ்ந்த குடி. பேத்தி பள்ளிக்குப் போகிறாள். பாட்டி பள்ளி வாசலை மிதித்ததில்லை. இத்தகைய இல்லங்கள் அங்கே பல. அந்த இல்லத்துக்கு ஏற்ற நூல் எது என்பதே நம் முன் நிற்கும் வினா.

படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்லும் முறை அந்த மலையடிவாரத்துக்குப் புதிதன்று. மலையின் தெற்கே செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை உடையது. தன் எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்து கூறுகிறது. மன்னர்கள் பலரின் பெயரே மறைந்துபோன நாட்டில், ஒரு மேய்ப்பனின் நாய் பெயரோடு நிற்கிறது!

எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்தவன் அந்தக் கல்லில் பெயரைப் படித்தான்; எழுத்தறியாதவன் உருவத்தைப் படித்தான். இருவருக்கும் கதை கிடைத்தது. படித்தவன், படியாதவன் என்று பிரித்து வைக்காத ஏடு அந்தக் கல்.

பிரிவினை பின்னர் வந்தது. தமிழில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578ஆம் ஆண்டில். இந்திய மொழிகளுள் அச்சு வாகனம் முதலில் ஏறிய பெருமை தமிழுக்கே! ஆயினும் அந்த வாகனம் சுமந்தவை நெடுங்காலம் சமயமும் சட்டமும் பாடமுமே. குழந்தையின் களிப்பை அன்று. திண்ணைப் பள்ளியிலோ மனப்பாடமே கல்வி. நூல் என்றால் அறம். அறம் என்றால் அடக்கம். அடக்கம் என்றால் பிரம்பு! திண்ணையில் அமரவும் எல்லாக் குழந்தைகளுக்கும் இடமிருந்ததா? இல்லை என்பதை இந்த ஏட்டின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் நிலையும் இதுதான். அங்கு இலத்தீன் சொற்களைப் பிள்ளைகள் மண்டையில் அடித்து ஏற்றிய காலத்தில், நாடிழந்து அலைந்த கல்வியாளர் ஒருவர் மாறாக நினைத்தார். மொராவியாவில் பிறந்த கொமேனியஸ் என்பார் அவர். உலகப் பொருள்களை எல்லாம் படமாக்கி, படத்தின் கீழ் இலத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம் எழுதி, 1658இல் நியூரம்பர்க் நகரில் ஒரு நூலை வெளியிட்டார். குழந்தைகளுக்கான படநூல் வரலாற்றை அந்த நூலிலிருந்தே பலரும் தொடங்குவர். கண் கண்டதைக் கருத்து எளிதில் கொள்ளும், மகிழ்ந்து கற்றதே மனத்தில் தங்கும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அதுவும் பாடநூலே. பாடமே இல்லாத நூல், மகிழ்ச்சிக்காகவே ஒரு நூல் என்ற எண்ணம் பரவ மேலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் பெண்மணி, 1893இல் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனுக்கு, குறும்புக்கார முயல் ஒன்றின் கதையைப் படம் வரைந்து மடலாக எழுதினார். அதையே நூலாக்க முனைந்தபோது பதிப்பாளர் பலர் மறுத்தனர். அவர் அஞ்சினாரில்லை. 1901இல் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் ஏற்று வெளியிட்டது. அந்த நூலின் அளவைக் கவனிக்க வேண்டும்: சின்னஞ்சிறு கைகளில் அடங்கும் அளவு. பிள்ளையின் கையை அளந்து நூலின் அளவை வகுத்தவர் அவர். பெரியவர்களின் அலமாரியை அளந்து வகுத்தாரில்லை.

பதிப்பாளர்தாம் தவறினர் என்று எண்ண வேண்டாம், நூலகத்தாரும் தவறினர். அமெரிக்காவில் 1947இல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைய, உறங்கும் வேளைக்கென்றே ஒரு நூல் வந்தது. ஒரு பச்சை அறை. படுக்கையில் ஒரு முயல்குட்டி. அறையிலுள்ள பொருள்களுக்கும் நிலவுக்கும் ஒவ்வொன்றாக விடைகூறிக் கண்ணயர்கிறது. அவ்வளவே கதை! அறிவுரை இல்லை; அச்சுறுத்தல் இல்லை; பக்கம் புரளப் புரள அறை மெல்ல இருள்கிறது. நியூயார்க் பொது நூலகத்தார் 1972 வரை அதைத் தம் அடுக்கில் சேர்க்கவே இல்லை. அதற்குள் எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் அதை மீண்டும் மீண்டும் கேட்டு உறங்கிவிட்டனர். வல்லுநர் தள்ளினர், மழலையர் கொண்டனர். நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கில் குழந்தையே வென்றது.

இன்னொரு வழக்கும் உண்டு. படத்தில் இருப்பது யார் முகம்? அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் 1965இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை அங்கு வந்த குழந்தை நூல்கள் 5,206. அவற்றுள் கறுப்பினத்தவர் இடம்பெற்றவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை! அந்த 1962இல்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பார், பனி பெய்த காலையில் விளையாடும் கறுப்பினச் சிறுவன் ஒருவனை நாயகனாக்கிப் படநூல் படைத்தார். அச்சிறுவன் போராடவில்லை, பேருரை ஆற்றவில்லை, பனியில் காலடி பதித்து விளையாடினான். மறு ஆண்டே அமெரிக்காவின் உயர்ந்த படநூல் விருதாகிய கால்டெகாட் பதக்கம் அந்நூலுக்குக் கிடைத்தது. விளையாடும் உரிமையும் உரிமைதானே!

இந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் என்ன விடை வரும்? நம் படநூல்களில் மாடி வீடு உண்டு, மகிழுந்து உண்டு, தனியறையில் மெத்தை உண்டு. சாமைக் களத்தில் ஆடும் சிறுமி எத்தனை நூல்களில் உண்டு?

தமிழ்நாட்டின் முயற்சிகளை மறப்பதற்கில்லை. 1947இல் 'அம்புலிமாமா' வண்ணப் படங்களோடு வந்தது. 1950இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்தார். சோவியத் நாட்டின் பதிப்பகங்கள் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய படநூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் ஊர்தோறும் விற்றது. உருசியக் கரடியும் ஓநாயும் நம் சிற்றூர்க் கூடத்தில் வந்து அமர்ந்தன! 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அந்த ஊற்று வற்றியது. பின்னர் சென்னையில் 1994இல் தாரா, 1996இல் தூலிகா ஆகிய பதிப்பகங்கள் தோன்றின. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் மூவர் வரைந்த மரங்களைத் தாரா 2006இல் நூலாக்கியது. 2008இல் இத்தாலியின் பொலோனியா விழாவில் அது பரிசு பெற்றது. பழங்குடியினர் படத்தில் வரவேண்டியவர் மட்டுமல்லர், படத்தைப் படைக்க வல்லவரும் ஆவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பெங்களூரில் 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015 முதல் இணையத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகளை விலையின்றித் தருகிறது. தமிழ்நாட்டரசின் பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நூல்களைப் படிநிலை வகுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

ஆக, நூல் இல்லை என்று இனிக் கூறுவதற்கில்லை. தேர்ந்தெடுப்பதே நம் கடன். மலைப்பள்ளிக்கும் மலையூர் இல்லத்துக்கும் நூல் தேர்வோருக்கு நான் கூறும் அளவுகோல்கள் இவை.

முதலாவது, எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். கதை விளங்குகிறதா? விளங்கினால் அது பாட்டி படிக்கும் ஏடு. படத்தைப் பார்த்துப் பாட்டி தன் சொல்லில் கதை கூறுவாள். எழுத்தைப் பார்த்துப் பேத்தி வாசிப்பாள். ஒருவருக்கொருவர் ஆசிரியர்!

இரண்டாவது, சொற்கள் குறைவாக இருக்கட்டும். ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரட்டும். மூன்றாம் முறை அத்தொடர் வரும்போது குழந்தை தானே முந்திச் சொல்லும். அந்த முந்துதலே வாசிப்பின் தொடக்கம். "நேற்றுச் சொன்ன கதைதானே" என்று பெரியவர் சலிக்கக் கூடாது. தெரிந்ததை மீண்டும் கேட்பதில் குழந்தைக்கு இன்பம் மிகுதி.

மூன்றாவது, அச்சமூட்டும் நூல் இரவுக்கு வேண்டாம். பேயும் பூச்சாண்டியும் அறிவுக்கும் பகை, உறக்கத்துக்கும் பகை. அந்த மலையின் இரவுகளில் உண்மையான அச்சமே போதும் அளவுக்கு உண்டு. பிழைப்புத் தேடி வெளியூர் போன தந்தை திரும்பும் நாளை எண்ணியிருக்கும் வீடுகள் அவை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி ஆந்திரக் காவல்துறையினர் சேசாசலக் காட்டில் சுட்டதில் 20 தமிழர் மாண்டனர். சவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு, காணாமற்போன குட்டி தாயிடம் வந்து சேரும் கதையும், விளக்கணைந்த பின்னும் அருகே ஒருவர் இருக்கும் கதையும் வேண்டும்.

நான்காவது, தன் ஊரும் தெரியவேண்டும். தான் காணாத ஊரும் தெரியவேண்டும். நூல் ஒரு கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்கவேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். கண்ணாடி மட்டும் தந்தால் உலகம் சுருங்கும். சன்னல் மட்டும் தந்தால் தன் முகம் மறக்கும். வானமும் அத்தகைய சன்னலே. சவ்வாது மலைக் காவலூரில் 1968 முதல் வானாய்வுக் கூடம் இயங்குகிறது, 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அமைந்தது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. இரவின் இருளை நாடி அறிஞர் அந்த மலைக்கு வந்தனர். அதே இருளில் உறங்கும் குழந்தைக்கு நிலவும் விண்மீனும் நிறைந்த ஒரு படநூல் கிடைக்க வேண்டாமா?

ஐந்தாவது அளவுகோல் குழந்தையே. நாலைந்து நூல்களைத் தரையில் பரப்பி வையுங்கள். எதை எடுக்கிறதோ அதை எடுக்கட்டும். கரடி நூலையே பத்து முறை எடுத்தால் பத்து முறையும் கொடுங்கள். முடிவில் "இதனால் அறியும் நீதி யாது?" என்று மட்டும் கேட்காதீர்கள்! கதை கேட்ட களிப்பையே தேர்வாக மாற்றிவிட்டால், மறுநாள் அந்தக் கை நூலை நோக்கி நீளாது.

இவ்வளவும் செய்து, நூலைப் பள்ளி அலமாரியில் பூட்டிவைத்தால் என்ன பயன்? சீர்காழி தந்த நூலகப் பேரறிஞர் அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சாலையும் ஊர்தியும் குறைந்த அந்நாளில் நூல் வீடு தேடிச் சென்றது. இன்று நூல் பள்ளி வரை மலையேறி வந்துவிட்டது. பள்ளியிலிருந்து குடிசைக்குப் போகும் கடைசிக் கல் தொலைவை மட்டும் கடக்கத் தயங்குகிறது. கிழித்துவிடுவார்கள், அழுக்காக்கிவிடுவார்கள், தணிக்கையில் கணக்குக் குறையும் என்கிறார்கள். கிழியாமல் இருக்கும் நூல் எது? யாரும் தொடாத நூல்!

ஆசிரியத் தோழர்களே, தொலைந்தவற்றையும் கிழிந்தவற்றையும் குறிக்க ஒரு பதிவேடு வைப்போம். அது குற்றப் பட்டியலன்று, வாசிப்பின் கணக்கு. மாலை மணி அடித்ததும் பிள்ளைக்கு ஒரு படநூலைக் கொடுத்தனுப்புவோம். "பாட்டியிடம் கதை கேட்டு வா" என்பதே வீட்டுப் பாடமாகட்டும். மறுநாள் அந்தக் குழந்தை கொண்டுவரும் கதை நூலில் அச்சிட்ட கதையாக இராது. பாட்டி கண்ட கதையாக இருக்கும். கோவிவன் நின்ற கல்லைப் பார்த்துக் கதை சொன்னவர்களின் வழிவந்தவள் அவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.