மா: ஓரெழுத்தில் ஒரு சமூகத்தின் வரலாறு

தமிழ் இலக்கணம் 'ஓரெழுத்து ஒருமொழி' என்றொரு சொல்வகையைக் கூறும். ஆ, ஈ, பூ, மா என ஒற்றை எழுத்தே பொருளுடைய சொல்லாக நிற்பது அதன் இயல்பு. அவற்றுள் 'மா' என்பதற்குப் பெருமை, விலங்கு, மாமரம் ஆகியவற்றோடு குதிரை என்ற பொருளும் உண்டு. சீன மொழியிலும் 'மா' என்றால் குதிரைதான். இரு மொழிகளுக்கும் உறவேதுமில்லை. இது தற்செயலான ஒலி ஒற்றுமை. ஆயினும், சீன முஸ்லிம்களின் வரலாற்றைப் பயிலப் புகும் நமக்கு இந்த ஓரெழுத்து நல்லதொரு நுழைவாயிலாக அமைகிறது. சீனத்தின் ஹுய் முஸ்லிம்களிடையே மிகுதியாக வழங்கும் குலப்பெயர் 'மா' என்பதே. பத்து ஹுய் மக்களைக் கண்டால் ஒன்பது பேர் 'மா'வாக இருப்பர் என்று அங்கே வழக்குமொழியே உண்டு. குதிரையைக் குறிக்கும் அவ்வெழுத்து, அக்குடும்பங்கள் பலவற்றில் முஹம்மது (ஸல்) அவர்களின் திருப்பெயரிலுள்ள முதலசையின் சீன வடிவம் என்பர் வரலாற்றாசிரியர்.

அண்ணலாரின் பெயர் குதிரையாக எழுதப்பட்டது ஏன்? இது இழப்பா, நிலைபேறா? இவ்வினாவே நம் கட்டுரைக்குப் பொருள்.

ஒலியா, பொருளா?

அரபு எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒலியைக் குறிப்பவை. 'இப்ராஹீம்' என்ற பெயரை நாம் எழுதும்போது அவ்வெழுத்துகள் ஒலியை மட்டுமே தாங்கி நிற்கின்றன. சீன எழுத்தின் இயல்பு வேறு. அங்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. பெரும்பாலும் ஒரு சொல். ஆதலின் பொருளில்லாத எழுத்தைக் காண்பது அரிது. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் இருப்பதால், அயற்பெயரைச் சீனத்தில் எழுத முனைபவர் ஒவ்வோர் அசைக்கும் ஒரு பொருளையும் தெரிவு செய்தே ஆகவேண்டும். தெரிவு செய்யாமல் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டால், எழுத்துகளின் பொருள் அழையா விருந்தாளியாய் உடன் வந்துவிடும்.

இதற்குத் தக்க சான்று, அரபு மக்களைச் சீனர் குறித்த பழம்பெயர். தாங் அரசமரபின் காலம் முதல் அவர்களுக்கு வழங்கிய 'தாஷி' என்ற பெயரின் இரு எழுத்துகளைத் தனித்தனியே படித்தால் 'பெரிய', 'உணவு' என்று பொருள்படும். 'தாஜிக்' என்பது போன்றதோர் அயற்சொல்லின் ஒலிபெயர்ப்பு அது. பொருளைக் கருதி எழுதப்பட்டதன்று. பின்னாளில் மக்காவுக்கும் அரபு நாட்டுக்கும் வழங்கிய பெயரோ 'தியான்ஃபாங்'. முதலெழுத்து வானம், இரண்டாவது சதுரம், திசை என இரு பொருளும் உடையது. கஅபாவின் சதுர வடிவமும், தொழுகையில் நாம் முகம் திருப்பும் திசையும் அந்த ஓரெழுத்தில் அடங்கிவிடுகின்றன. முன்னது அயலார் காதால் கேட்டு எழுதிய பெயர்; பின்னது நம்பிக்கையாளர் உள்ளத்தில் நிலைத்த பெயர்.

இன்று சீனத்தில் அண்ணலாரின் பெயர் 'மு-ஹான்-மோ-தெ' என நான்கு எழுத்துகளில் எழுதப்படுகிறது. அவற்றின் பொருள் முறையே பணிவார்ந்த மாண்பு, அரிது, மௌனம், நற்பண்பு என்பன. யூசுஃப் என்ற பெயர் 'யூ-சு-ஃபூ' என்றாகிறது: மேன்மை, தூய எளிமை, அருட்பேறு. அரபுச் சொல்லின் நேர்மொழிபெயர்ப்பு அன்று இது. ஆயினும், ஒலியைச் சிதைக்காமல் பெயருக்குரியவரின் சிறப்பைக் குறிப்பால் உணர்த்தும் தெரிவு.

ஆணையும் குலப்பெயரும்

யுவான் எனப்படும் மங்கோலியர் ஆட்சியில் மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய்ச் சீனத்தில் குடியேறினர். 1274இல் யுன்னான் மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற சையித் அஜல் ஷம்சுத்தீன் உமர் அவர்களுள் புகழ்பெற்றவர். அக்காலத்தில் அவர்கள் தம் பெயர்களை ஒலிபெயர்த்தே எழுதினர். 1368இல் மிங் அரசமரபு எழுந்ததும் நிலை மாறிற்று. முதற் பேரரசர் ஹோங்வூ மங்கோலிய உடை, மொழி, குலப்பெயர் ஆகியவற்றுக்குத் தடை விதித்தார். ஆனால் 1370இல் மங்கோலியரும் மேற்கத்திய நாட்டினரும் தம் குலப்பெயரை மாற்றிக்கொள்வதைத் தடுக்கும் ஆணை ஒன்றும் பிறந்தது. அயலார் அயலாராகத் தோன்றவும் கூடாது. சீனராகி மறைந்துவிடவும் கூடாது என்ற இருதலை அச்சத்தின் வெளிப்பாடு அது. ஆணைகள் எதுவாயினும், தலைமுறைகள் செல்லச்செல்லச் சீனக் குலப்பெயர்களே நிலைத்தன.

எந்த எழுத்தைக் குலப்பெயராகக் கொள்வது என்பதில்தான் அம்முன்னோரின் நுண்ணறிவு புலப்படுகிறது. 'மா' பழைமையான சீனக் குலப்பெயர்களுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே மா யுவான் என்ற படைத்தலைவர் புகழுடன் விளங்கினார். எனவே அப்பெயர் அயலார் கண்ணை உறுத்தாது. தம்மவர் செவியிலோ அண்ணலாரின் திருப்பெயரை ஒலிக்கும். சையித் அஜலின் மகன் நாசிருத்தீன் பெயரைச் சீனத்தில் 'நா-சு-லா-திங்' என எழுதினர். அவருடைய வழித்தோன்றல்கள் நா, சு, லா, திங் என நான்கு குலங்களாகப் பிரிந்தனர் என்பது மரபு. பாட்டனாரின் பெயரை அசையசையாகப் பங்கிட்டுக்கொண்ட பேரர்கள்! ஹஸன் போன்ற பெயர்களிலிருந்து 'ஹா' என்ற குலப்பெயரும் தோன்றிற்று.

கடலோடி செங் ஹோவின் குடும்பம் இதற்கு மற்றொரு சான்று. 1371இல் யுன்னானில் பிறந்த அவரது முதற்பெயர் மா ஹோ. 1404இல் பேரரசர் யோங்லே அவருக்குச் 'செங்' என்ற குலப்பெயரை வழங்கினார். மறு ஆண்டே, 1405இல், அவருடைய தந்தையாருக்கு எழுதப்பட்ட நினைவுக் கல்வெட்டு, அவரது குலப்பெயர் 'மா' என்றும் பெயர் 'ஹாஜி' என்றும் பொறித்து வைத்திருக்கிறது. அப்பெரியார் ஹஜ் செய்தவர் என்ற சிறப்பே பெயராகி, ஒலிக்காக மட்டும் எடுத்த இரு எழுத்துகளில் கல்லில் நிற்கிறது. மகனுக்குக் கிடைத்தது அரசன் தந்த பெயர். தந்தைக்கு நிலைத்தது வணக்கம் தந்த பெயர். அதே செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் ஒரு கல்வெட்டைப் பொறித்து இலங்கைக்குக் கொணர்ந்தார். 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல், கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் உரியதாய் அமைந்தது. எம்மொழியில் எப்பெயர் எழுதவேண்டும் என்பதை அறிந்த அரசவையின் ஆவணம் அது.

இறைவனுக்கு ஒரு சொல்

மனிதருக்குப் பெயர் தேடுவதினும் அரிய பணி, இறைவனைக் குறிக்கச் சொல் தேடுவது. கத்தோலிக்கப் பாதிரிமார் 'வானத்தின் தலைவன்' என்ற சொல்லை நிலைநிறுத்தினர். பின்வந்த புராட்டஸ்டண்டுகளோ 'ஷாங்தி', 'ஷென்' என்ற இரு சொற்களில் எது தகும் என்று நெடுங்காலம் பிளவுண்டு நின்றனர். முஸ்லிம் அறிஞர் கண்ட சொல் 'ஜென்ஜூ'; அதாவது மெய்யான தலைவன். 1642இல் மெய்ந்நெறிக்கு விளக்கமாக ஒரு பெருநூலை வெளியிட்ட வாங் தாய்யூ, இறைவனை 'ஜென்' என்ற எழுத்தின் வழியே விளக்கினார். மெய், உண்மை எனப் பொருள்படும் அவ்வெழுத்து, இறைத் திருநாமங்களுள் ஒன்றான 'அல்ஹக்' என்பதற்கு நெருங்கிய இணை. பள்ளிவாசலும் 'சிங்ஜென்' இல்லம், தூய்மையும் மெய்ம்மையும் உறையும் இல்லம் என்றாயிற்று. ஹலால் உணவுக்கும் அதுவே பெயர். இறந்தாரைக் குறிக்கும் சொல்லும் 'குய்ஜென்', மெய்ம்மையிடம் மீண்டார் என்பதே. இறப்புச் செய்தி கேட்டதும் நாம் அரபியில் ஓதுவதன் சாரம் முழுவதும் அவ்விரு எழுத்துகளில் இருக்கிறது. கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் என்ற ஐந்து கடமைகளையும் ஐந்தே எழுத்துகளில் அடக்கிய நுட்பமும் அம்மரபினதே.

இச்சொற்கள் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. 'சிங்ஜென்' முன்பு தாவோ நெறியினர் வழங்கிய சொல். கைஃபெங் நகர யூதர்களும் தம் தொழுகைக் கூடத்துக்கு அதே பெயரை இட்டிருந்தனர் என்பதை அவர்களின் 1489ஆம் ஆண்டுக் கல்வெட்டு காட்டும். இதனால் சீன முஸ்லிம்கள் பிற நெறிகளில் கரைந்துவிட்டனர் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். நம் வழக்கையே எண்ணிப் பார்ப்போம். 'பள்ளி' என்பது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்துக்கு வழங்கிய சொல். அதைத்தான் நம் முன்னோர் பள்ளிவாசல் ஆக்கினர். தொழுகையும் நோன்பும் இஸ்லாத்துக்கு முன்பே தமிழில் வாழ்ந்த சொற்கள். சொல்லை வாங்கிப் பொருளைப் புதுக்குவது, ஒரு மார்க்கம் ஒரு மண்ணில் வேரூன்றுவதன் அடையாளம். நாம் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத் தமிழ் கண்டதுபோல், அவர்களும் அரபு எழுத்தில் சீனத்தை எழுதி 'சியாவ்ஜிங்' கண்டனர். ஒலியைக் காக்க ஓர் எழுத்துமுறை. பொருளைக் காக்க மற்றொன்று.

தனிமனிதர் பெயரிலும் இவ்விரட்டைக் காப்பு உண்டு. பிறந்த குழந்தைக்கு 'அஹோங்' எனப்படும் ஆலிம், மறைப்பெயர் எனத்தகும் இஸ்லாமியப் பெயரைச் சூட்டுவார். சீனப் பெயர் தனியே வழங்கும். இரண்டும் ஒருங்கிசைந்த அழகிய நிகழ்வு மா ஜியான் (1906-1978) என்ற அறிஞரின் பெயர். யுன்னானில் பிறந்து, 1931இல் கெய்ரோ சென்று, அல்அஸ்ஹரில் பயின்று, திருக்குர்ஆனைச் சீனத்தில் பெயர்த்தவர் அவர். முழுப் பெயர்ப்பும் அவர் மறைந்தபின் 1981இல் வெளிவந்தது. 'ஜியான்' என்றால் உறுதி. அவரது அரபுப் பெயர் முஹம்மது மகீன். மகீன் என்றாலும் உறுதி வாய்ந்தவர். 'மா'வில் முஹம்மதும், 'ஜியா'னில் மகீனும் ஒலியாலும் பொருளாலும் பொருந்தி நிற்கின்றன.

பெயர் தங்கி, நெறி நழுவியபோது

எழுத்தின் ஆற்றலை மிகைப்படுத்துவதும் தகாது. ஃபூஜியான் மாநிலத்தின் செந்தாய் ஊரில் வாழும் திங் குலத்தார், தாம் சையித் அஜல் ஷம்சுத்தீனின் வழியினர் என்பர். 'தீன்' என்ற ஈற்றசையே அவர்களின் 'திங்' என்பது குல வரலாறு. நூற்றாண்டுகளில் அவர்களுள் பெரும்பாலோர் தொழுகையை மறந்து, சீன நாட்டார் வழிபாட்டுக்குள் சென்றுவிட்டனர். எனினும் முன்னோருக்குப் படைக்கும்போது பன்றியிறைச்சியை விலக்கி வந்தனர். அந்த நினைவின் வலிமையால் 1979இல் அவர்கள் ஹுய் இனத்தவர் என ஏற்கப்பட்டனர். 'மார்க்கம்' எனப் பொருள்படும் அரபுச் சொல் ஓரசையாகக் குறுகி, அவர்கள் பெயரில் தங்கியிருந்தது, வாழ்வில் தங்கவில்லை. பெயர் ஒரு கலம். கலத்தைக் காப்பதும் கலத்தினுள் உள்ளதைக் காப்பதும் ஒன்றல்ல என்பதைச் செந்தாய் நமக்குச் சொல்கிறது.

பெயரைப் பிறர் எழுதினால் என்னாகும் என்பதற்கும் வரலாற்றில் விடையுண்டு. 19ஆம் நூற்றாண்டில் யுன்னானிலும் வடமேற்கிலும் முஸ்லிம் எழுச்சிகள் நிகழ்ந்த காலத்தில், சிங் அரசின் ஆவணங்கள் 'ஹுய்' என்ற எழுத்தின் பக்கத்தில் நாயைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்து எழுதின. ஒலி மாறவில்லை, ஒரு சமூகமே விலங்காக்கப்பட்டது. 'ஹுய்' என்றால் மீளுதல். மெய்ம்மையிடம் மீள்வோர் என அதற்கு விளக்கம் கண்டிருந்தார் வாங் தாய்யூ. ஒரே எழுத்தை அன்பு ஒருவாறும் பகைமை வேறொருவாறும் எழுதிக் காட்டின.

அண்மைக் காலத்திலும் இவ்வினா ஓய்ந்துவிடவில்லை. சின்ஜியாங்கில் முஹம்மது, மதீனா போன்ற பெயர்களைக் குழந்தைகளுக்குச் சூட்டத் தடை விதிக்கப்பட்டதாக 2017இல் செய்திகள் வந்தன. 2019இல் பெய்ஜிங் நகர உணவகங்களின் பலகைகளிலிருந்து 'ஹலால்' என்ற அரபுச் சொல்லை அகற்றுமாறு அதிகாரிகள் பணித்தனர். அரபு எழுத்துகள் மூடப்பட்ட அப்பலகைகளில் 'சிங்', 'ஜென்' என்ற சீன எழுத்துகள் எஞ்சின. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு யாரோ சில அறிஞர் பொருளறிந்து தெரிவு செய்த சொல் அது. அரபு எழுத்தின் இழப்புக்கு அது ஈடாகாது. அவ்விழப்பு வலிக்கவே செய்கிறது. ஆயினும், சொந்த மண்ணின் எழுத்தில் மெய்ம்மையை எழுதி வைத்தவர்களின் தொலைநோக்கை எண்ணும்போது உள்ளம் நன்றியால் நிறைகிறது.

நம் இல்லங்களில் குழந்தை பிறந்ததும் பெயர்ப்பட்டியலைப் புரட்டுகிறோம். ஒலியின் புதுமையில் மயங்கிப் பொருளைக் கேளாமலே சிலர் பெயரிட்டு விடுகிறோம். ஒவ்வோர் அசைக்கும் பொருள் தேடிய அம்மக்களின் வரலாறு, பெயரிடுவது ஓர் அமானிதம் என்பதை நினைவூட்டுகிறது. அந்த அமானிதத்தை ஒரு குதிரையின் முதுகில் ஏற்றி, அறுநூறு ஆண்டுகள் கடத்தி வந்திருக்கிறது 'மா' என்னும் ஓரெழுத்து.