துண்டுக்கு அடியில் பேசிய விலை

கவலை இறைத்ததைப் பற்றி முன்பு எழுதியபோது, அந்தக் காளைகளை எங்கே வாங்கினார்கள் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மாட்டுத் தரகர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் பாடம் நடத்திய எந்தப் புத்தகத்திலும் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் வளர்ந்தது கொறங்காட்டில். கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், கொழுக்கட்டைப்புல் மேய்ச்சல். அங்கிருந்து உழவுக்கும் கவலைக்கும் வண்டிக்கும் மாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தரகர். சித்திரையில் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. நடுவே பொள்ளாச்சி, ஈரோடு கருங்கல்பாளையம் என்று வாரச் சந்தைகள். லாரி வருவதற்கு முன்பு இத்தனைக்கும் நடைதான்.

எங்கள் ஊரில் நாற்பது வருஷம் இந்தத் தொழில் செய்த ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். மாட்டின் வாயைத் திறந்து பார்த்த உடனே வயதைச் சொல்லிவிடுவார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டால் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டும் சேர்ந்துவிட்டால் அதன்பின் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. பிறகு சுழி பார்ப்பார். கோபுரச் சுழி, தாமணிச் சுழி நல்லது; பாடைச் சுழி, துடைப்பச் சுழி ஆகாது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சுழியால் விலை ஏறியதும் இறங்கியதும் நிஜம்.

விலை பேசுவது துண்டுக்கு அடியில். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதும் பிடித்தால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாததால் அடுத்த பேரம் கெடாது. கஷ்டத்துக்கு விற்க வந்தவருக்கும் ஊர் நடுவே தலைகுனிவு இல்லை. பேரம் படிந்ததும் விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

தரகர் என்றால் ஏமாற்றுக்காரர் என்று பலரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. இவர் மட்டும் முட்டுகிற மாடு, ஏரில் படுத்துக்கொள்கிற மாடு என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “வாத்தியாரே, வித்துப்போட்டு நாளைக்கு நானு இதே தடத்துலதானுங்க போகோணும்” என்றார்.

மோட்டார் பம்புசெட் வந்து கவலை நின்றது, டிராக்டர் வந்து ஏர் நின்றது. அப்போதே தொழில் பாதி போய்விட்டது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசே வறட்சி என்று அறிவித்தது. தட்டு வாங்கப் பணமில்லாமல் கறவையும் சினையுமாகச் சந்தைக்குப் பிடித்து வந்தார்கள். பல்லைப் பார்க்க ஆளில்லை. எவ்வளவு கறி தேறும் என்பதுதான் கேள்வி. பிள்ளைபோல வளர்த்தவருக்கும் வெட்டுக்கு வாங்குபவருக்கும் நடுவே துண்டைப் பிடிக்க மனம் வராமல், அந்த வருஷம் பல சந்தைகளுக்கு அவர் போகவில்லை. வருமானமும் இல்லை.

அதே ஆண்டு மே மாதம், வெட்டுக்காகச் சந்தையில் மாடு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது. வயதான மாட்டை விவசாயி என்ன செய்வான் என்பதற்கு அந்த விதியில் நான் பதில் காணவில்லை.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டுமாடு தேடி நகரத்து இளைஞர்கள் அவரிடம் வருகிறார்கள், கைபேசியில் படத்தோடு. செவலைக் கன்றைக் காட்டி, “இது காங்கேயம் இல்லையே, வெள்ளையாகத்தானே இருக்கும்?” என்று ஒரு தம்பி கேட்டான். கன்று பிறக்கும்போது செவலைதான், ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறும் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விரல் கணக்கில் ஆறு முதல் ஒன்பது வரை ஊருக்கு ஊர் எப்படிப் பிடிப்பார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.