காளான் குகையும் மேகமும்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்றொரு ஊர். அங்கே இரும்புத் தாதுவைத் தோண்டி முடித்துக் கைவிட்ட ஒரு பழைய சுரங்கம். 1936-ல் அதையும் சுற்றியிருந்த நூறு ஏக்கர் நிலத்தையும் 9,000 டாலருக்கு வாங்கினார் ஹெர்மன் நாஸ்ட். எதற்கு? காளான் வளர்க்க! இருட்டு, ஈரம், சில்லிப்பு... காளானுக்கு வேறென்ன வேண்டும்? 'காளான் ராஜா' என்றே அவருக்குப் பட்டப் பெயர்.

1950 வாக்கில் காளான் மார்க்கெட் படுத்துவிட்டது. கையில் காலிச் சுரங்கம். இதற்கிடையே போரில் தப்பி வந்த யூத அகதிகள் சிலருக்கு நாஸ்ட் உதவி செய்துகொண்டிருந்தார். தாங்கள் யார் என்று நிரூபிக்க அவர்களிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாம் ஐரோப்பாவில் எரிந்துபோயாச்சு. இந்தப் பக்கம் அமெரிக்காவிலோ ரஷ்ய அணுகுண்டு பயம் உச்சத்தில். நாஸ்டுக்குப் பொறி தட்டியது. பூமிக்கு அடியில் காளான் வளர்க்கலாம் என்றால், காகிதம் வைக்கக்கூடாதா?

1951-ல் 'அயர்ன் மவுன்டன் அட்டாமிக் ஸ்டோரேஜ்' கம்பெனி பிறந்தது. முதல் வாடிக்கையாளர், நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் சேவிங்ஸ் பேங்க். டெபாசிட்தாரர்களின் கணக்குகளை மைக்ரோஃபிலிமில் பிரதி எடுத்து, கையெழுத்து கார்டுகளின் நகலோடு கவச வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நியூயார்க் மேல் குண்டே விழுந்தாலும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது குகைக்குள் பத்திரமாக இருக்கும்!

இன்று கம்பெனிகள் மாதச் சந்தா கட்டும் 'க்ளவுட் பேக்கப்'புக்கு இதைத்தான் பாட்டன் என்று சொல்லவேண்டும். பிரதி எங்கே இருக்கிறது என்ற முதல் கேள்விக்கு நாஸ்ட் சொன்ன பதில்: தூரத்தில்.

கம்ப்யூட்டர் வந்தபிறகு இரண்டாவது கேள்வி முளைத்தது. டேட்டா அடங்கிய டேப் குகையில் பத்திரம், சரி. ஆபீஸோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் எரிந்துவிட்டால்? அந்த டேப்பை எந்த மெஷினில் போட்டு ஓட்டுவது? அப்போதெல்லாம் ஒரு மெயின்ஃப்ரேம் ஒரு ஹாலையே அடைத்துக்கொள்ளும். ஆர்டர் கொடுத்தால் வந்து சேரவே மாதக்கணக்காகும்.

1978-ல் ஃபிலடெல்ஃபியாவில் 'சன்கார்ட்' ஒரு வழி கண்டுபிடித்தது. எல்லாம் பூட்டி, கரன்ட் ஏற்றி, தயாராக ஒரு கம்ப்யூட்டர் மையத்தை வைத்துக்கொள்வது. பல கம்பெனிகள் அதற்குச் சந்தா கட்டும். எவர் தலையில் இடி விழுகிறதோ அவர் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவரலாம். இதற்குப் பெயர் 'ஹாட் சைட்'. கணக்கு, இன்ஷூரன்ஸ் கணக்குதான். ஊரில் எல்லா வீடும் ஒரே நாளில் எரியாது என்ற தைரியம்! வெறும் அறையும் மின்சாரமும் மட்டும் தந்து, மெஷினை நீயே கொண்டுவா என்றால் அது 'கோல்ட் சைட்'. வாடகை குறைவு, ஆனால் எழுந்து நிற்க நாளாகும்.

இந்த பிசினஸின் இரண்டு அளவுகோல்கள் இங்கேதான் பழக்கத்துக்கு வந்தன. ஒன்று, எவ்வளவு நேரத்து டேட்டாவை இழந்தால் தாங்குவீர்கள்? இரண்டு, எவ்வளவு நேரம் கடையை மூடிவைத்தால் தாங்குவீர்கள்? இன்றும் எந்த க்ளவுட் கம்பெனியின் விளம்பரத்தைப் புரட்டினாலும் 'ஆர்.பி.ஓ.', 'ஆர்.டி.ஓ.' என்று இந்த இரண்டும் முறைத்துப் பார்க்கும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டது 2001, செப்டம்பர் 11.

உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் 101-வது மாடியிலிருந்து 105 வரை கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற நிறுவனம். அமெரிக்க அரசின் கடன் பத்திர வியாபாரத்தில் பெரும் பங்கு அவர்கள் கையில். விமானம் மோதியது அவர்களுக்குக் கீழே இருந்த மாடிகளில். அன்று காலை அலுவலகத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இறங்கி வரவில்லை. மொத்தம் 658 பேர். மகனைப் பள்ளியில் விடப் போயிருந்த தலைவர் ஹோவர்ட் லட்னிக் தப்பினார். அவருடைய தம்பி தப்பவில்லை.

கடன் பத்திர மார்க்கெட் மறுபடி திறக்கப்போவது செப்டம்பர் 13. இரண்டே நாள். நியூஜெர்ஸியில் ராஷெல் பார்க் என்ற இடத்தில் கேன்டருக்கு இன்னொரு கம்ப்யூட்டர் மையம் இருந்தது. டேட்டா அங்கே அப்படியே இருந்தது. மெஷின்களும் ஓடின. ஆனால்... பாஸ்வேர்டுகள்? அவற்றைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் கோபுரத்தோடு போய்விட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் நிபுணர்களை அனுப்பியது. மனிதர்கள் வழக்கமாக எதைப் பாஸ்வேர்டாக வைப்பார்கள் என்று ஊகித்து ஊகித்துத்தான் திறக்கவேண்டும். அந்த ஊகத்துக்கு விவரம் வேண்டுமே... இறந்தவர்களின் வீடுகளுக்கே போன் போட்டார்கள். உடல்கூடக் கிடைக்காத கணவனைப் பற்றி மனைவியிடம் கேள்விகள்: கல்யாண நாள் எது? எந்தக் காலேஜில் படித்தார்? உங்கள் நாயின் பெயர் என்ன?

பதின்மூன்றாம் தேதி மார்க்கெட் திறந்தபோது கேன்டரின் 'இ-ஸ்பீட்' ஓடியது. நாய்க்குட்டியின் பெயர்வரை கேட்டுத்தான் ஓட்டவேண்டியிருந்தது. பிரதி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. சாவி யார் கையில்? இதுதான் மூன்றாவது கேள்வி.

அதன்பின் வந்தது மேகம். 2006, மார்ச் 14 அன்று அமேசான் தன் 'எஸ்-3' கிடங்கைத் திறந்தது. ஒரு ஜி.பி.க்கு மாதம் 15 சென்ட். குகை வேண்டாம், கவச வண்டி வேண்டாம். கூகுளும் மைக்ரோசாஃப்டும் கடை விரித்தன. சும்மா காத்துக்கிடக்கும் ஹாட் சைட்டுக்கு யார் சந்தா கட்டுவார்கள்? சன்கார்ட் வழிவந்த கம்பெனி 2022-ல் திவால் மனு போட்டது.

கேள்விகள் தீர்ந்தனவா என்றால், இல்லை. திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன!

2021, மார்ச் 10. பிரான்ஸில், ரைன் நதிக்கரை நகரமான ஸ்ட்ராஸ்பர்கில் ஓ.வி.எச். கம்பெனியின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து சாம்பல். 'மேகத்தில்தானே இருக்கிறது' என்று தூங்கிய பலர் விழித்துப் பார்த்தால் மேகத்துக்கே தீ! 'ரஸ்ட்' என்ற வீடியோ கேமின் 25 ஐரோப்பிய சர்வர்களில் இருந்த டேட்டா திரும்பவே இல்லை. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டிய ஒரு வாடிக்கையாளரின் பிரதியும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது. வழக்கு போட்டார். 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. நாஸ்ட் 1951-ல் சொன்ன பதிலை மறந்ததற்கு அபராதம்.

2017, ஜனவரி 31. புரோகிராமர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் 'கிட்லேப்' தளத்தில் ஓர் இன்ஜினீயர் இரவில் களைத்துப்போய், தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே! ஐந்து விதமான ஏற்பாடு. ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரிப் பிரதி பல நாளாகவே எடுக்கப்படவில்லை. தோல்வி என்று சொல்லும் ஈ-மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அதைத் திரும்ப ஊற்றவே சுமார் 18 மணி நேரம்.

2024, மே. ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களுக்கு கூகுள் அமைத்துத் தந்த க்ளவுட் ஒருநாள் காணாமல் போனது. காரணம், அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரே ஒரு விவரம் காலியாக விடப்பட்டதாம். ஒரு வருடம் ஆனதும் சிஸ்டம் தானாகவே துடைத்துவிட்டது. உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கவே ஒரு வாரம் ஆயிற்று. வேறொரு கம்பெனியிடமும் யூனிசூப்பர் பிரதி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. சாவிக்கொத்து முழுவதையும் ஒருவரிடமே கொடுக்காத புத்திசாலித்தனம்!

இப்போது உங்கள் கம்பெனிக்கு எந்த சர்வீஸ் என்று ஒப்பிட உட்கார்ந்தால், விலைப்பட்டியலுக்குமுன் இந்த மூன்றையும் கேளுங்கள். எங்கே? மைக்ரோசாஃப்டில் மலிவான திட்டம் எடுத்தால் மூன்று பிரதியும் ஒரே டேட்டா சென்டரில். கூடுதலாகக் கட்டினால்தான் சென்னையில் வைத்ததற்கு புனேவில் ஒரு நகல். எவ்வளவு நேரத்தில்? 2012-ல் வந்த அமேசானின் 'க்ளேசியர்' மிக மலிவு, ஆனால் வழக்கமான வழியில் கேட்டால் கைக்கு வர சில மணி நேரம் ஆகும். பெரிய கம்பெனிகளில் பொதுவாக டேட்டாவை உள்ளே கொண்டுபோக இலவசம், வெளியே எடுக்கத்தான் காசு. அவசரம் என்றால், சின்ன அளவில் ஒரு சிஸ்டத்தை எப்போதும் ஓடவிடலாம். அடுப்பை அணைக்காமல் 'சிம்'மில் வைப்பது மாதிரி. வாடகை அதிகம், சமையல் உடனே. யார் கையில் சாவி? உள்ளே நுழைந்த திருடன் பேக்கப்பையும் அழிக்க முடியாதபடி பூட்டு உண்டா? அந்த ஒரு ஆள் நாளைக்கு வரவில்லை என்றால்?

மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் ஒரு சனிக்கிழமை, நிஜமாகவே எல்லாம் போய்விட்டதாக வைத்துக்கொண்டு பிரதியிலிருந்து கடையைத் திறந்து பாருங்கள். கிட்லேப்காரர்கள் அப்படிப் பார்க்காததால்தான் ஐந்து பேக்கப் இருந்தும் தவித்தார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேங்கில் போட்டுப் பார்க்காத செக் மாதிரி. பணம் இருக்கிறதா என்பது போட்டால்தான் தெரியும்!