அவையை அறிந்தால் அச்சம் குறையும்: படைப்புக்குத் தயாராகும் முறை

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர், தம் ஆய்வை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. மதிப்பீட்டாளர்கள் முன் நின்று விளக்கவும் வேண்டும். பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான முயேட்டிலும் பேச்சுக்கென ஒரு பிரிவு உண்டு. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தோட்டத்து ஆலய நிர்வாகமும் மானியம் கேட்டுப் போனால், அங்கேயும் யாராவது ஒருவர் எழுந்து விளக்கத்தான் வேண்டும்.

பிரசண்டேஷன் என்று எல்லாரும் சொல்லும் இந்த வாய்மொழிப் படைப்பில், விஷயம் தெரிந்தவரே தடுமாறுவதைப் பல இடங்களில் காணலாம். கூச்சம்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். வள்ளுவர் வேறு வழி காட்டுகிறார். பரிமேலழகர் உரையின் வரிசையில் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல், 72ஆம் அதிகாரம் அவையறிதல், அதற்குப் பிறகே 73ஆவதாக அவையஞ்சாமை. எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அச்சத்தை வெல்வது அதற்கு அடுத்தது. உணரக்கூடியவர் முன் பேசுவதை, பயிர் வளரும் பாத்தியில் நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிடுகிறது அவையறிதல் அதிகாரம். பாத்தி எது என்று பார்க்காமல் ஊற்றும் நீர் வீண்தான்.

கேட்பவர் யார்?

ஸ்லைடு தயாரிக்க உட்காரும் முன் மூன்று கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுத வேண்டும். கேட்பவர்கள் யார்? இந்த விஷயத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? பேசி முடித்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குக் கணினி அறை தேவை என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைக்கு என்ன பயன், கோத்தோங் ரோயோங்கில் யார் யார் வர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். மாவட்ட அதிகாரிகளுக்கு மாணவர் எண்ணிக்கை, செலவுக் கணக்கு, கட்டடத்தின் நிலை ஆகியவை தேவை. அதுவும் தேசிய மொழியில். நன்கொடை தரும் நிறுவனம், பணத்திற்கு யார் பொறுப்பு, கணக்கு எப்போது காட்டப்படும் என்று கேட்கும். அறை ஒன்றுதான். படைப்பு மூன்று.

முக்கியமானது முதலில்

சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு கொலம்பியா விண்வெளி ஓடம் ஒரு கசப்பான பாடம். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைக்காப்புத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு நம்பிக்கை தருவதாக இருந்தது. அதன் அடிப்பகுதியில், சிறிய எழுத்தில், பழைய சோதனைத் துண்டு 3 கன அங்குலம், இப்போதைய கணக்கு 1,920 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது, பழைய சோதனையை வைத்து இந்த மோதலைக் கணிக்க முடியாது. தலைப்பில் இருக்க வேண்டிய செய்தி அது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் இறந்தனர். விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை, அந்த ஸ்லைடையும் தனியே எடுத்துக்காட்டிக் குறை கூறியது.

நம் படைப்புகளில் உயிர் போகாது. உபகாரச் சம்பளமோ மானியமோ போகலாம். ஆகவே கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்து அதற்கான காரணங்கள், மூன்றுக்கு மிகாமல். ஒவ்வொரு காரணத்திற்கும் ஒரு சான்று. முடிவில் கோரிக்கையை மீண்டும் ஒருமுறை. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து போதும். அதன் தலைப்பே அந்தக் கருத்தை முழு வாக்கியமாகச் சொல்லட்டும். கடைசி வரிசையில் இருப்பவரால் படிக்க முடியாத எழுத்து இருந்தும் பயனில்லை.

ஒத்திகையும் மேடையும்

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நின்று, வாய்விட்டுப் பேச வேண்டும். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்திற்குத் தயார் செய்வது நல்லது. மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவதாக இருந்தால் அந்த மொழியிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். தமிழில் யோசித்து மேடையில் மொழிபெயர்க்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது. விஷயம் அறியாத ஒருவரை, அது பாட்டியாக இருந்தாலும் சரி, உட்கார வைத்துப் பேசிக் காட்டலாம். முடிந்ததும் "என்ன கேட்டேன்?" என்று அவரிடமே கேட்க வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் திருத்த வேண்டியது படைப்பைத்தான்.

நம் நாட்டில் பிரமுகர்களை விளிக்கும் முறையும் ஒரு சோதனை. டான்ஸ்ரீ, டத்தோ பட்டங்களையும் பெயர்களையும் வரிசையையும் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளலாம். அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஒலிபெருக்கியையும் புரொஜெக்டரையும் பார்த்துவிட வேண்டும். கோப்பு பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் பேச, அச்சுப் படி ஒன்று கையில் இருக்கட்டும்.

பேசும்போது திரையைப் பார்த்துப் படித்தால் கேட்பவருக்குத் தெரிவது முதுகுதான். முகங்களைப் பார்த்தால் யாருக்குப் புரியவில்லை என்பது தெரியும்; அங்கே நிறுத்தி இன்னொரு முறை சொல்லலாம். குறிப்பறிதல் இங்கே கைகொடுக்கும். கேள்வி வந்தால் முழுவதும் கேட்டபின் பதில் சொல்ல வேண்டும். தெரியாததற்கு, "விவரம் பார்த்து இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று சொல்வது கௌரவக் குறைவு ஆகாது. சொன்ன தேதிக்குள் கொடுத்தால், அடுத்த முறை அந்த அவை நம்மை நம்பிக் கேட்கும்.